கை தவறிய தட்டு

அன்புள்ள ஐயா,

எட்டு மாதமாக ஸ்பானிஷ் படிக்கிறேன். 'இரு' என்பதற்கு அதில் 'செர்', 'எஸ்தார்' என்று இரண்டு வினைகள். இரண்டுக்கும் ஆங்கிலத்தில் 'be' என்ற ஒரே சொல்தான். நிரந்தரம் என்றால் செர், தற்காலிகம் என்றால் எஸ்தார் என்று மனப்பாடம் செய்தும் தப்பாகவே வருகிறது. அன்றாட வாக்கியங்களை மட்டும் படித்தால் இலக்கணம் வந்துவிடுமா? எந்த நூல் வாங்கலாம்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

நூலை விடுங்கள். உங்களிடம் ஏற்கெனவே நாலு இருக்கும், நாலிலும் முதல் முப்பது பக்கம் மட்டும் அழுக்காகியிருக்கும்.

நிரந்தரம், தற்காலிகம் என்பதெல்லாம் சோம்பேறி வாத்தியார்களின் விதி. செத்துப்போனவரை 'எஸ்தா முயெர்த்தோ' என்கிறார்கள். எஸ்தார்! சாவைவிட நிரந்தரம் எது? ஒரு ராத்திரி விருந்துக்கோ 'லா ஃபியெஸ்தா எஸ் என் மி காசா' (விருந்து என் வீட்டில்), அதாவது செர். இந்த இரண்டையும் ஒரு வாரம் வாயில் போட்டு மெல்லுங்கள்.

என் கோபம் வேறு. நடுவில் ஆங்கிலம் எதற்கு வந்தது? 'மே குஸ்தா எல் கஃபே' என்பதை ஆங்கிலம் வழியாக விளக்க ஓர் அத்தியாயம் ஓட்டுவார்கள். தமிழில் 'எனக்குக் காபி பிடிக்கும்', முடிந்தது. 'மே துயெலே லா கபேசா', எனக்குத் தலை வலிக்கிறது. 'ஆப்லோ' என்றாலே 'பேசுகிறேன்'. 'நான்' விகுதியிலேயே உட்கார்ந்திருக்கிறது. எட்டு மாதத்தில் ஒருநாள்கூட இது உங்கள் கண்ணில் படவில்லையா? (மாம்பழங்கள் பிடிக்கும் என்றால் 'குஸ்தான்' என்று பன்மையாகும். அங்கே தமிழ் கைவிடும், பார்த்துக்கொள்ளுங்கள்.)

ஸ்பெயினின் சலமான்காவில் ஒரு பாட்டி வீட்டில் வாடகைக்கு இருந்தேன். நெப்ரிஹா என்ற அறிஞரின் காஸ்தீலிய, அதாவது ஸ்பானிஷ், இலக்கணம் 1492இல் அச்சான ஊர் என்பதால் எனக்கும் கொஞ்சம் மிதப்பு. ஒருநாள் பாத்திரம் கழுவும்போது அவருடைய தட்டு உடைந்துவிட்டது. 'ரொம்ப்பி எல் பிளாத்தோ' என்றேன். தட்டை உடைத்தேன். இலக்கணத்தில் ஒரு குறையும் இல்லை. பாட்டியோ நான் அதைச் சுவரில் அடித்தவன்போலப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டு, 'ஸே தே கயோ' என்றார். உன் கையிலிருந்து அது விழுந்துவிட்டது.

என் அம்மா சொல்வாள், 'கை தவறிடுச்சா, விடு' என்று. அச்சு அசலாக அதே தொனி.

வெறுங்காலோடு நின்ற என்னை நகராதே என்று அதட்டிவிட்டுத் துடைப்பம் எடுக்கப் போனார். அவர் வரும்வரை 'ஸே மே கயோ, ஸே மே கயோ' என்று முணுமுணுத்துக்கொண்டே நின்றேன்.