ஐட்லிங் ஏறி இறங்குகிறதா? த்ராட்டில் பாடிக்குப் பணம் கட்டும் முன்...

கேள்வி: என்னிடம் 2003 மாடல் மாருதி ஜென் இருக்கிறது. காலையில் ஸ்டார்ட் செய்தால் ஆக்சிலேட்டரைத் தொடாமலே ரேஸ் ஏறுகிறது, இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது. இன்ஜின் சூடானால் ஓரளவு அடங்கும். ஏசி போட்டு சிக்னலில் நின்றால் சில நேரம் ஆஃப் ஆகிவிடுகிறது. த்ராட்டில் பாடியை (இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் பாகம்) மாற்ற வேண்டும், அதற்கும் சரியாகாவிட்டால் ஈசிஎம் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) மாற்ற வேண்டும் என்று ஒர்க்‌ஷாப்பில் எஸ்டிமேட் போட்டிருக்கிறார்கள். வண்டியின் இன்றைய விலையில் பாதி போய்விடும் போலிருக்கிறது. மாற்றலாமா?
- வாசகர், கரூர்

பதில்: இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இன்டேக் மேனிஃபோல்டு (காற்றை சிலிண்டர்களுக்குப் பிரித்துக் கொண்டுபோகும் குழாய்த் தொகுதி) பக்கம் எங்கோ காற்று உறிஞ்சுகிறது என்ற சந்தேகம்தான் முதலில் வருகிறது. அங்கே இடுக்கை அடைக்கும் கேஸ்கட் சில நூறு ரூபாய் சமாச்சாரம். செலவு பெரும்பாலும் லேபரில்தான்.

பெட்ரோல் இன்ஜின் ஐட்லிங்கில், அதாவது ஆக்சிலேட்டரைத் தொடாமல், ஓடும்போது மேனிஃபோல்டுக்குள் பலமான வெற்றிடம் இருக்கும். கேஸ்கட்டில் விரிசல் விட்டாலோ ரப்பர் ஹோஸ் காய்ந்து வெடித்தாலோ அந்த வழியாகக் காற்று உள்ளே போகும். உங்கள் வண்டி எம்பிஎஃப்ஐ, அதாவது ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி இன்ஜெக்டரில் பெட்ரோல் தெளிக்கும் வகை. மேனிஃபோல்டு அழுத்தத்தை சென்சாரில் பார்த்துத்தான் ஈசிஎம் பெட்ரோலை அளந்து விடுகிறது. திருட்டுக் காற்றால் அழுத்தம் கூடினால், இன்ஜினுக்கு லோடு வந்துவிட்டது என்று நினைத்துப் பெட்ரோலைக் கூட்டும், ரேஸ் ஏறும். த்ராட்டில் மூடியிருக்கிறதே என்று பிறகு பெட்ரோலை வெட்டும், இறங்கும். மெக்கானிக் ஏமாற்றுகிறார் என்று உடனே முடிவு கட்டாதீர்கள். த்ராட்டில் பாடியில் கரி பிடித்தாலும், ஐட்லிங் வால்வு சிக்கிக்கொண்டாலும் இதே கூத்துதான். அதனால்தான் சோதிக்காமல் பார்ட்ஸ் வாங்கக்கூடாது.

காலையில், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே பாருங்கள். சூடானால் உலோகம் விரிந்து இடுக்கு அடைபட்டுவிடும், லீக் ஒளிந்துகொள்ளும். வண்டியை ஓடவிட்டு, மேனிஃபோல்டில் சேரும் ஹோஸ்களைத் துணி சுற்றிய ப்ளையரால் ஒவ்வொன்றாக லேசாக அழுத்துங்கள். எதை அழுத்தும்போது ஐட்லிங் சட்டென்று அடங்குகிறதோ, அந்தப் பாதையில் கோளாறு. பிரேக் பூஸ்டருக்கு (பிரேக் மிதிப்பதை எளிதாக்கும் பாகம்) போகும் தடித்த ஹோஸை மறக்க வேண்டாம்; அதில் ஓட்டை என்றால் பிரேக் பெடலும் கல் மாதிரி இருக்கும், அதைத் தள்ளிப்போடவே கூடாது. ஹோஸ்கள் நன்றாக இருந்தால், மேனிஃபோல்டும் ஹெட்டும் (சிலிண்டர்களின் மேல்மூடி) சேரும் கோட்டில் சோப்புத் தண்ணீரை ஸ்ப்ரே பாட்டிலால் மெல்ல அடியுங்கள். லீக் உள்ள இடத்தில் தண்ணீர் உள்ளே இழுபடும், ‘உஸ்’ சத்தம் மாறும், ஐட்லிங்கும் மாறும். கார்புரேட்டர் கிளீனர் அடித்துப் பார்க்கும் மெக்கானிக்குகள் உண்டு. பலன் தெளிவாகத் தெரியும், ஆனால் அது தீப்பிடிக்கும் சரக்கு; வீட்டில் முயல வேண்டாம். ஸ்மோக் டெஸ்ட் (உள்ளே புகை செலுத்தி எங்கே கசிகிறது என்று பார்ப்பது) வசதி உள்ள இடம் கிடைத்தால் அதுவே சிறந்தது. ஐட்லிங் ஸ்க்ரூவைத் திருகி சமாளித்து அனுப்புவது மட்டும் வேலையே அல்ல.

கேள்வி: போன மாதம்தான் மேனிஃபோல்டு கேஸ்கட் மாற்றினேன். மறுபடி லீக். ‘புது கேஸ்கட் போடணும், லேபர் தனி’ என்கிறார்கள். கொடுக்கத்தான் வேண்டுமா?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: போன மாதம் போட்ட கேஸ்கட்டைக் கழற்றி, முதலில் அதைக் காட்டச் சொல்லுங்கள். அதில் சிலிக்கான் பேஸ்ட் அப்பியிருந்தால் சங்கதி புரிந்துவிடும்: பெட்ரோல் பட்டுப் பட்டு அந்தப் பேஸ்ட் இளகிவிடும், பிய்ந்த துண்டு இன்ஜினுக்குள்ளும் போகும். பழைய கேஸ்கட்டைச் சுரண்டாமல் மேலேயே புதியதை வைத்தார்களா, போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து முடுக்கும் கருவி) முடுக்கினார்களா என்றும் கேளுங்கள். ஸ்டீல் ஸ்கேலும் ஃபீலர் கேஜும் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்து மேனிஃபோல்டு முகத்தை அளக்கச் சொல்லுங்கள். வளைந்திருந்தால் எத்தனை கேஸ்கட் மாற்றினாலும் நிற்காது, லேத் பட்டறையில் ஃபேஸிங் செய்து முகத்தைச் சமமாக்கியாக வேண்டும். அந்தச் செலவு உங்களுடையது, நியாயம்தான். முதல் முறையே அளக்காமல் பூட்டியதற்கான லேபரை மறுபடி கேட்பது நியாயமில்லை.

பில் இருக்கிறதா? இல்லையென்றால் இப்போதே கேளுங்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராமலிருப்பதே முறையற்ற வணிக நடைமுறை. பேசித் தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் இரண்டு வருடத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம், நீங்கள் வேலைக்குக் கொடுத்த தொகை ரூ.5 லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. கழற்றிய கேஸ்கட்டைப் படம் எடுத்து, அதையும் பில்லையும் ஒரே கவரில் போட்டு வையுங்கள்.