மூணு கலர் பூனைய முதல்ல பிடிங்க

கேள்வி: எங்க அபார்ட்மென்ட் பார்க்கிங்ல ஒரு மூணு கலர் பூனைக்கு 2 வருஷமா சோறு வைக்கிறேன், இப்ப அது 11 பூனையா ஆயிடுச்சு. சாக்குல கட்டி மீன் மார்க்கெட்ல விட்டுடலாம்னு அசோசியேஷன்ல சொல்றாங்க, ஒருத்தர் விஷம் வைப்பேன்றார். கருத்தடை பண்ணலாம்னா மாமியார் பாவம்ங்கறாங்க. என்ன செய்யட்டும்?
- வாசகி, தாம்பரம்

பதில்: உங்க கைய கட்டிப் போட்டிருக்கிறது அந்த பாவம்ங்கற வார்த்தைதான், அதனால முதல்ல அதையே பேசிடலாம். உங்க மாமியார தப்பு சொல்ல மாட்டேன், அது இரக்கத்துல வர்ற பேச்சு. ஆனா போன மழைல எங்க தெரு ஜெனரேட்டர் பின்னாடி ஒரு குட்டிய எடுத்தேங்க, ரெண்டு கண்ணும் பீளை கட்டி ஒட்டிப்போய், மூக்கடைச்சு பால் வாசனை கூட தெரியாம வாய தொறந்து தொறந்து மூடுச்சு, வெந்நீர்ல பஞ்ச நனைச்சு தொடைச்சு தொடைச்சு ஒரு கண்ண தொறக்க வச்சேன், விடியறதுக்குள்ள போயிடுச்சு. கூடப் பொறந்த மூணும் அதுக்கு முன்னாடியே போச்சு, தாய் அதுக்குள்ள மறுபடி சினை. எனக்கு இதுதான் பாவமா தெரியுது.

பூனைக்கு சினைக்காலம் 2 மாசம் சொச்சம்தான், குட்டி 4, 5 மாசத்துலயே பருவத்துக்கு வந்துடும். குளிர் நாட்டுல பகல் சுருங்கற மாசங்கள்ல கொஞ்சம் ஓய்வு கிடைக்கும், நம்ம ஊர் வெளிச்சத்துக்கு வருஷம் பூரா குட்டிதான்.

மார்க்கெட்ல விட்டா, தெரியாத இடத்துல பல செத்துப்போகும், இங்க காலியான இடத்துக்கு பக்கத்து தெரு பூனை வந்துடும். விஷம் வைக்கிறது பிஎன்எஸ், அதாவது பாரதிய நியாய சன்ஹிதாங்கற குற்றவியல் சட்டத்தோட 325ம் பிரிவுல குற்றம், 5 வருஷம் வரைக்கும் ஜெயில் இருக்குன்னு அவர்கிட்ட நிதானமா சொல்லுங்க.

அதனால கருத்தடைதான் வழி. நிறைய பேர் அதுக்கு கைக்கு சுலபமா வர்ற கடுவன மொதல்ல தூக்கிட்டு போவாங்க. மீதி ஒரே ஒரு கடுவன் இருந்தா போதும், அத்தனை பெட்டையும் சினையாயிடும், அதனால பெட்டைங்கதான் முதல்ல. மூணு கலர் இருந்தா அநேகமா பெட்டைதான், அங்கிருந்தே ஆரம்பிங்க. காம்பு தொங்கி பால் குடுக்கிற மாதிரி தெரிஞ்சா குட்டிங்களுக்கு 6 வாரம் ஆகற வரை பொறுங்க.

ஒரு பத்து நாள் ஒரே நேரத்துல, கதவு விழாம கட்டி வச்ச பொறிக்கூண்டுக்குள்ளயே சோறு வைங்க, பயம் விட்டுடும். ஆபரேஷனுக்கு முன்னாடி எத்தன மணி நேரம் பட்டினி போடணும்னு டாக்டர கேட்டுட்டு, அதுக்கு தக்க முந்தின நாள் பொறிச்ச மத்தி வச்சு பிடிங்க, கதவு விழுந்த அந்த நிமிஷமே கூண்டு மேல பெட்ஷீட்ட போட்டு மூடிடுங்க, இருட்டுல அடங்கிடும். கையால பிடிக்கவே பிடிக்காதீங்க, கடிச்சா ஊசி போட நீங்கதான் ஓடணும். பக்கத்து மாட்டாஸ்பத்திரிலயோ வேப்பேரி வெட்னரி காலேஜ்லயோ முன்கூட்டியே விசாரிச்சு வைங்க. மயக்கத்துல இருக்கும்போதே ரேபிஸ் ஊசி போட்டு, இடது காது நுனிய கொஞ்சம் வெட்டிவிட சொல்லுங்க, அப்பதான் அடுத்த தடவ அதையே பிடிச்சு அலைய வேண்டாம்.

வீட்டுக்கு கொண்டுவந்து பாத்ரூம்ல கூண்டோட வைங்க, டாக்டர் சொல்ற நாள் வரைக்கும். வலிக்குதேன்னு பாராசிட்டமால் மட்டும் குடுத்துடாதீங்க, பூனைக்கு அது உயிர எடுத்துடும். காயம் காஞ்சதும் பிடிச்ச அதே தூண் பக்கத்துல கூண்ட தொறந்து விடுங்க, அன்னிக்கு ராத்திரியும் வழக்கமான நேரத்துக்கு சோறு வச்சிடுங்க.