காலரி நின்ற இடத்தில் பள்ளிக்கூடம்

கேட்டால் சொல்கிறேன்: வாசகர் கேள்வி பதில்
(பதில் எழுதுபவர் பொதுப்பணித்துறையில் 31 ஆண்டு பணியாற்றி ஓய்வுபெற்ற பொறியாளர், மன்னார்குடி)

கேள்வி: எங்கள் ஊர் விளையாட்டு அரங்கம் கட்டி 40 வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஆட்டம் பார்க்க உட்காரும் காலரியில் காரை பெயர்ந்து கொட்டுகிறது. அரசு மேல்நிலைப் பள்ளியோ கடைத்தெருவில், மைதானமே இல்லாமல் நெருக்கடியில் நடக்கிறது. அரங்கத்தை இடித்துவிட்டு அங்கே பள்ளி கட்டப்போகிறார்கள். பிள்ளைகளுக்குப் பள்ளி வேண்டும்தான். ஆனால் விடியற்காலையில் ஓடிப் பழகும் பையன்கள் எங்கே போவார்கள்? ஊரே இரண்டுபட்டு நிற்கிறது. நீங்கள் எந்தப் பக்கம்? பிளானின் நகலை இணைத்திருக்கிறேன்.
– வாசகர், திருவாரூர் மாவட்டம் (ஊர்ப் பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

பதில்: பள்ளி வரவேண்டும் என்ற பக்கம்தான் நான். ஆனால் நீங்கள் அனுப்பிய பிளானில் போட்டிருக்கும் இடத்தில் வரக்கூடாது. இரண்டு நாள் அந்த நகலை மேஜைமேல் விரித்துவைத்து ஸ்கேல் பிடித்து அளந்தேன். மைதானம் 620 அடிக்கு 420 அடி, கிட்டத்தட்ட 6 ஏக்கர். நம் பக்கத்துக் கணக்கில் 18 மா. மேற்கு ஓரத்தில் காலரி, 300 அடி நீளம், 35 அடி அகலம். புதுக் கட்டடத்தை மைதானத்தின் நடுவில் போட்டிருக்கிறார்கள்.

ஏன் நடுவில் என்பது எனக்குப் புரிகிறது. நடுவில் இடிப்பதற்கு ஒன்றும் இல்லை. டெண்டர் முடிந்த மறுநாளே அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டலாம். காலரியை இடிக்கத் தனி எஸ்டிமேட், தனி அனுமதி, இரண்டு மூன்று மாதம் தாமதம். வேலையைச் சீக்கிரம் ஆரம்பிக்க வேண்டும் என்ற அவசரத்தில் 40 வருஷ மைதானம் போய்விடும்.

சரி, கணக்கைப் பார்ப்போம். 18 வகுப்பறை, ஒவ்வொன்றும் 20 அடிக்கு 25 அடி. அது 9,000 சதுர அடி. மூன்று ஆய்வகத்துக்கு 2,700. நூலகம், தலைமையாசிரியர் அறை, ஆசிரியர் அறை எல்லாம் சேர்ந்து 1,800. வராந்தா, படிக்கட்டு, சுவர்க் கனத்துக்கு ஒரு 6,000 போடுங்கள். மொத்தம் 19,500. தரைத்தளமும் ஒரு மாடியும் என்றால் தரையில் பிடிக்கும் இடம் 9,750 சதுர அடி, அதாவது 22 சென்ட். இப்போது காலரி பிடித்திருக்கும் இடமே 10,500 சதுர அடி, 24 சென்ட். இதை எழுதும்போது எனக்குக் கை பரபரக்கிறது. காலரி நிற்கும் இடத்திலேயே பள்ளிக்கூடம் முழுசாக உட்கார்ந்துவிடும்! மைதானத்திலிருந்து ஒரு குழி நிலம்கூட எடுக்க வேண்டாம்.

ஓடுபாதையும் தங்கும். 400 மீட்டர் பாதை, 8 தடம் போட 177 மீட்டர் நீளமும் 93 மீட்டர் அகலமும் வேண்டும், 4 ஏக்கர். அதைக் கிழக்கே தள்ளிப் போட்டால் மேற்கே 100 அடி அகலத்துக்கு ஒரு பட்டை தெற்கு வடக்காக மிஞ்சும். பள்ளிக் கட்டடம், கழிப்பறை, சத்துணவுக் கூடம், சைக்கிள் நிறுத்தம் எல்லாம் அந்தப் பட்டைக்குள் அடங்கும்.

ஒரு சிக்கல் உண்டு, மறைக்கக் கூடாது. சாயங்காலம் ஆட்டம் பார்ப்பவர்கள் கண்ணில் வெயில் அடிக்கக் கூடாது என்றுதான் காலரியை மேற்கே கட்டினார்கள். அதே இடத்தில் தெற்கு வடக்காக வகுப்பறை வரிசை போட்டால் ஒரு பக்கச் சுவர் முழுக்க மேற்கு வெயில் வாங்கும். பங்குனி சித்திரையில் பிற்பகல் வகுப்பில் உட்கார முடியாது. அதனால் 8 அடி வராந்தாவை மேற்குப் பக்கம் வையுங்கள், வெயிலை அது தாங்கிக்கொள்ளும். அதற்கும் வெளியே ஒரு வரிசை வேம்போ புங்கையோ நட வேண்டும். கிழக்கு ஜன்னல்களில் ஐப்பசி கார்த்திகை மழை சாய்ந்து அடிக்கும், அங்கே இரண்டரை அடி சன்ஷேடு. வேலை இவ்வளவுதான்.

நடுவில் கட்டுவதை நான் இவ்வளவு எதிர்ப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 1993இல் ஒரு கிராமப் பள்ளியில் இரண்டு வகுப்பறையை நானே திடலின் நடுவாகப் போட்டேன். இடம் சும்மாதானே கிடக்கிறது என்று அப்போது நினைத்தேன். அப்புறம் அதை ஒட்டி ஒரு தண்ணீர்த் தொட்டி வந்தது. தொட்டிக்குப் பக்கத்தில் சைக்கிள் ஷெட், அதற்கு எதிரே சமையல் கூடம். ஐந்து வருஷம் கழித்துப் போனபோது, நான் எட்டாவது படிக்கையில் கபடி ஆடிய அந்தத் திடலில் பிள்ளைகள் இரண்டு சுவருக்கு நடுவில் நின்று பந்தைக் கையால் தட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தவறு என்னுடையது, இன்றுவரை மனசில் இருக்கிறது. நடுவில் ஒரு கட்டடம் வந்துவிட்டால் மிச்சம் இருப்பதை யாரும் மைதானமாகப் பார்க்க மாட்டார்கள்.

காவலர் தேர்வுக்கு 1500 மீட்டரை 7 நிமிஷத்தில் ஓட வேண்டும். அதற்காக விடியற்காலை நாலரைக்கு வந்து ஓடும் பையன்களை நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். நாத்து பறிக்கப் போகும் வீட்டுப் பிள்ளைகள் அவர்கள். சாலையில் லாரி வெளிச்சத்தில் ஓடவிடலாமா? பள்ளி வந்த பிறகும் காலை ஏழு வரையிலும் மாலை ஐந்துக்கு மேலும் மைதானம் ஊருக்குத் திறந்திருக்கும் என்பதைத் தீர்மானத்திலேயே எழுதி வாங்குங்கள். வாய்ப்பேச்சாக விட்டால் முதல் சுற்றுச்சுவரோடு பூட்டு விழும். கட்டடத்துக்கும் மைதானத்துக்கும் நடுவே ஆறடிக் கம்பிவேலி, மைதானத்துக்குத் தனி வாசல். இரண்டையும் பிளானிலேயே காட்டச் சொல்லுங்கள்.

ஊர் இரண்டுபட வேண்டிய காரணமே இதில் இல்லை. என் கணக்கை ஒரு தாளில் எழுதித் தபாலில் அனுப்பியிருக்கிறேன். இரண்டு தரப்பையும் ஒரே இடத்தில் உட்காரவைத்துப் படித்துக் காட்டுங்கள்.

கேள்வி: பழைய அரங்கத்தின் காலரியை ஏன் இடிக்க வேண்டும்? பழுது பார்த்து, அதன் அடியில் உள்ள அறைகளையே வகுப்பறை ஆக்கினால் செலவு மிச்சம்தானே?
– வாசகர், குத்தாலம்

பதில்: வேண்டாம் சார். காரை பெயர்வதை மேல்பூச்சுப் பிரச்சினை என்று நினைக்கிறோம். உள்ளே கம்பி துருப்பிடித்திருக்கிறது. துரு இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும். அது உப்பி வெளியே தள்ளுவதால்தான் காங்கிரீட் பிளந்து விழுகிறது. மேலே சிமெண்டு பூசினால் ஒரு மழைக்காலம் கண்ணுக்கு நன்றாக இருக்கும், துரு உள்ளே வேலை செய்துகொண்டே இருக்கும். ரீபவுண்டு ஹேமரால் தட்டிப் பார்ப்பது, மீயொலி அனுப்பிப் பார்ப்பது, துளைபோட்டு ஒரு துண்டு எடுத்து நசுக்கிப் பார்ப்பது என்று சோதனைகள் இருக்கின்றன. பெரியவர்கள் உட்கார்ந்து ஆட்டம் பார்ப்பதற்கு அது தேறுமா என்று வேண்டுமானால் பார்க்கலாம். தினமும் எட்டு மணி நேரம் பிள்ளைகள் அதன் அடியில் உட்கார ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன். சாய்ந்த கூரை, ஒரு பக்கம் மட்டும் ஜன்னல், மேலே கூட்டம். 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் விழுந்து மூன்று மாணவர்கள் இறந்ததை மறந்துவிட்டோமா?

இடிக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழைய காலரிகளின் மேல்கூரை பெரும்பாலும் ஆஸ்பெஸ்டாஸ். அதைக் கடப்பாரையால் உடைத்துத் தள்ளக் கூடாது. அந்த இழை மூச்சில் போனால் நுரையீரலுக்கு நிரந்தரக் கெடுதி. தண்ணீர் தெளித்து, போல்ட்டைக் கழற்றி, முழுத் தகடாக இறக்க வேண்டும். அதுவும் பள்ளி விடுமுறையில்.

கேள்வி: எங்கள் பகுதி முழுக்கக் களி. பத்து வருஷம் முன்பு கட்டிய பள்ளியில் மூலைக்கு மூலை விரிசல். புதுக் கட்டடத்துக்கு என்ன அஸ்திவாரம் கேட்பது?
– ஊராட்சி உறுப்பினர், திருத்துறைப்பூண்டி வட்டம்

பதில்: கோடையில் வயல் பாளம் பாளமாக வெடித்துக் கிடப்பதைப் பார்க்கிறீர்கள் இல்லையா, உங்கள் கட்டடத்தின் அடியிலும் அதேதான் நடக்கிறது. களி தண்ணீர் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். நாலடி தோண்டிக் கருங்கல் அஸ்திவாரம் போட்டால் அந்த அசைவு முழுக்கச் சுவருக்கு வரும். கட்டடத்தின் நடுப்பகுதி ஈரம் காக்கும், ஓரம் சீக்கிரம் காயும். அதனால்தான் விரிசல் மூலையில் ஆரம்பிக்கிறது.

இதற்கு அண்டர் ரீம்டு பைல் என்று ஒரு வகை இருக்கிறது. ரூர்க்கி மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் நம் நாட்டுக் களிமண்ணுக்காகவே வளர்த்தெடுத்த முறை. வெயிலும் மழையும் எட்டாத ஆழம்வரை, பொதுவாக மூன்றரை மீட்டருக்குக் கீழே, குழி இறக்கி, அடியில் குழியின் அகலத்தைப்போல இரண்டரை மடங்கு அகலத்துக்குக் குடைந்து காங்கிரீட் இடுவார்கள். குமிழ் வைத்த கால் மாதிரி அது மண்ணைப் பிடித்துக்கொள்ளும். மேல் மண் என்ன ஆட்டம் போட்டாலும் கட்டடம் அசையாது. மேலே ஓடும் பீமுக்கும் மண்ணுக்கும் நடுவே சிறு இடைவெளி விட வேண்டும். பல இடங்களில் அதை விடாமல் கட்டிவிட்டு, பைல் போட்டும் வெடிக்கிறதே என்கிறார்கள்.

முதலில் மண் பரிசோதனை அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைச் செம்மண்ணுக்குப் போட்ட டிசைனை உங்கள் ஊர்க் களியில் அப்படியே இறக்குவதை ஒப்புக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: இரண்டு மாடிப் பள்ளி பிளானில் ஒரே படிக்கட்டுதான் இருக்கிறது. இன்னொன்று கேட்டால் இடம் வீண் என்கிறார்கள்.
– வாசகி, கும்பகோணம்

பதில்: உங்கள் ஊரிலேயே இப்படிச் சொல்கிறார்கள் என்பதைப் படித்தபோது மனசு கஷ்டப்பட்டது. 2004 ஜூலை 16, கும்பகோணம் பள்ளித் தீ விபத்து. சமையல் கூடத்துக் கீற்றில் பிடித்த தீ, குறுகலான ஒரே படி, 94 குழந்தைகள் இறந்தார்கள். நான் அப்போது தஞ்சாவூரில் பணியில் இருந்தேன். அந்த வாரம் முழுக்கச் சாப்பாடு இறங்கவில்லை. கட்டடத்தின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு படிக்கட்டு வேண்டும், அகலமாக. வகுப்பறைக் கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். சமையல் கூடம் தள்ளி நிற்க வேண்டும். இதில் பேரம் கிடையாது. தீயணைப்புத் துறையின் சான்றும் கட்டட உறுதிச் சான்றும் கேளுங்கள் அம்மா, விடாதீர்கள்.

கேள்வி: கஜா புயலில் பத்து நாள் பள்ளிக்கூடத்தில்தான் இருந்தோம். எங்கள் பக்கம் புதுப் பள்ளி வருகிறது. என்ன சொல்லி வைக்கலாம்?
– வாசகி, வேதாரண்யம்

பதில்: 2018 நவம்பர் 16 விடியற்காலை வேதாரண்யம் பக்கம்தான் அது கரை ஏறியது. ஓடும் தகடும் பறந்தன, காங்கிரீட் தளம் போட்ட பள்ளிகளில்தான் ஊர் ஒண்டியது. ஆகவே உங்கள் பள்ளி இன்னொரு நாள் உங்கள் வீடாகும் என்று வைத்தே கட்டச் சொல்லுங்கள். பேஸ்மட்டம் ஊரில் இதுவரை பார்த்த வெள்ள மட்டத்துக்கு மேலே மூன்றடி. மோட்டார் சுவிட்சும் ஜெனரேட்டரும் மாடியில். கரண்ட் இல்லாத நாளுக்கு ஓர் அடிபம்பு. கழிப்பறைக்குப் போக வெட்டவெளியில் நனைய வேண்டாதபடி மூடிய வராந்தா. வயதானவர்களுக்குச் சாய்தளம். காங்கிரீட்டுக்குக் கிணற்று உப்புத்தண்ணீரைக் கலக்கிறார்களா என்று வேலை நடக்கும்போது போய்ப் பாருங்கள். அப்படிக் கலந்தால் கம்பி சில வருஷத்திலேயே துருவேறத் தொடங்கிவிடும்.

கேள்வி: விளையாட்டுத் திடல் யார் பெயரில் இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகர், ஒரத்தநாடு

பதில்: வட்டாட்சியர் அலுவலகத்தில் 'அ' பதிவேட்டு நகல் கேளுங்கள். சர்வே எண்ணுக்கு எதிரே அது பட்டா நிலமா, அரசுப் புறம்போக்கா என்ற வகைப்பாடு இருக்கும். தரவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்பு ஒட்டி மனு போடுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். கிராம ஊராட்சி என்றால் கிராம சபையில் தீர்மானமாகவும் வையுங்கள். அக்டோபர் 2ஆம் தேதிக் கூட்டத்துக்கு முன்பே எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: நான் ஒன்பதாவது படிக்கிறேன். பள்ளி கட்டி முடிக்க ஒன்றரை வருஷம் ஆகுமாம். அதுவரை மைதானத்துக்குள் போகக்கூடாது என்கிறார்கள். எங்கள் கபடி டீமில் 12 பேர். நாங்கள் எங்கே ஆடுவது தாத்தா?
– மாணவி, நீடாமங்கலம்

பதில்: ரொம்பச் சரியான கேள்வி கேட்டாய் அம்மா. பெரியவர்கள் யாரும் இதைக் கேட்டு எழுதவில்லை. ஒன்றரை வருஷத்தில் நீ பதினொன்றாவது போய்விடுவாய்.

பெண்கள் கபடி ஆடுகளம் 12 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம். சுற்றிலும் இடம் விட்டாலும் 60 அடிக்கு 50 அடி போதும், ஏழு சென்ட். கட்டட வேலை நடக்கும் இடத்தைச் சுற்றித் தகடு அடைத்துவிட்டு, ஜல்லி லாரி வராத மூலையில் உங்களுக்கு அந்த ஏழு சென்ட்டை ஒதுக்க முடியும். தனி வழி மட்டும் வேண்டும். வேலை நடக்கும் பக்கம் நீங்கள் யாரும் போகக் கூடாது, அதை உன் டீமுக்குக் கண்டிப்பாகச் சொல்லிவிடு. களிமண் காய்ந்தால் முழங்கால் தேயும். சலித்த வண்டலும் ஆற்று மணலும் கலந்து அரையடி கொட்டி, தண்ணீர் தெளித்துச் சமப்படுத்தச் சொல்.

அளவு போட்ட படம் ஒன்று வரைந்து உன் பள்ளி விலாசத்துக்கு அனுப்பியிருக்கிறேன். உன் பி.இ.டி. டீச்சரையும் அழைத்துக்கொண்டு, 12 பேரும் கையெழுத்துப் போட்டு, தலைமையாசிரியரிடம் கொடுங்கள். என்ன சொன்னார் என்று எனக்கு எழுது.