கரகரத்த குரல் ஒரு குறையா?

கேள்வி: எனக்கு 34 வயது. கல்லூரி நாள்களிலிருந்தே சொந்தமாகப் பாட்டெழுதி, மெட்டமைத்துப் பாடி வருகிறேன். “பாட்டு நன்றாக இருக்கிறது, குரல்தான் கரகரப்பு, வேறு யாரையாவது பாட வையுங்கள்” என்கிறார்கள். பிரெஞ்சுப் பாடகர் ஷார்ல் அஸ்னவூரையும் இப்படித்தான் ஒதுக்கினார்களாமே? அவர் எப்படி மேலே வந்தார்? நான் பாடுவதை நிறுத்திவிடலாமா? – பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: அஸ்னவூரை ஒதுக்கியவர்கள் குரலோடு நிற்கவில்லை, குள்ளமான உருவத்தையும் முகத்தையும்கூடக் கேலி செய்தார்கள். புகழ்பெற்ற பிரெஞ்சுப் பாடகி எதித் பியாஃபின் யோசனைப்படி அவர் மூக்கை அறுவை சிகிச்சையால் திருத்திக்கொண்டார். குரல் மட்டும் அப்படியே இருந்தது. அதுவே அவருக்கு நல்லதாகவும் போயிற்று என்பது என் எண்ணம்.

1924-இல் பாரிஸில், இனப்படுகொலைக்குத் தப்பி வந்த ஆர்மேனியக் குடும்பத்தில் பிறந்த அவர், சிறுவயதிலேயே மேடையேறியவர். 1940-களில் பியேர் ரோஷ் என்ற பியானோ கலைஞரோடு இணைந்து கேளிக்கை விடுதிகளில் பாடினார். பியாஃபின் வீட்டில் பல ஆண்டுகள் தங்கி, அவருக்குச் செயலாளராகவும் கார் ஓட்டுநராகவும் இருந்தார். அந்தக் காலத்தில் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தவை பெரும்பாலும் பிறர் பாடிய அவருடைய பாடல்கள்தாம். ஞாயிற்றுக்கிழமைகளை வெறுக்கும் ஒரு பாடலை அவர் எழுதியபோது பியாஃப் அதை வேண்டாம் என்றார். ஜூலியத் கிரெக்கோ என்ற பாடகி அதைப் பாடிப் பரிசு பெற்ற பிறகு பியாஃபும் பாடினார். ஆகவே, பிறருக்குப் பாட்டுக் கொடுப்பதைத் தோல்வி என்று நீங்கள் எண்ண வேண்டியதில்லை.

ஆனால் எல்லாவற்றையும் கொடுத்துவிடாதீர்கள். வாய்ப்பே வராத ஒரு பாடகன், தன் திறமையில் தவறில்லை, தன்னைப் புரிந்துகொள்ளாத ஊர்தான் குற்றவாளி என்று வீராப்பாகச் சொல்வதாக அஸ்னவூர் ஒரு பாடல் எழுதினார். அதை முதலில் பாடகர் இவ் மோந்தானிடம் கொடுத்தார். நட்சத்திரமான மோந்தான் மறுத்துவிட்டார். 1960 டிசம்பரில், 36 வயதில், பாரிஸின் அல்ஹாம்ப்ரா அரங்கில் அஸ்னவூரே அதைப் பாடினார். அதுவரை இறுக்கமாக இருந்த அரங்கம் அந்தப் பாட்டுக்குப் பின் ஆரவாரித்தது. மோந்தானின் மெருகேறிய குரலில் அந்தப் பாடகனின் வீராப்பை யார் நம்பியிருப்பார்கள்?

அவர் தேர்ந்துகொண்ட பொருள்களும் அப்படிப்பட்டவை: கசந்துபோன தாம்பத்தியம், முதுமை, கடந்துபோன இளமை. தன்பாலின ஈர்ப்புடைய ஒருவர் தன் தனிமையைத் தானே சொல்வதாக 1972-இல் அவர் பாடியபோது, பிரான்சின் மேடைகளில் அதைக் கேலியில்லாமல் தொட்டவர்கள் அரிது. இனிமைக்குப் பழகிய குரல் இவற்றை அழகாக்கிக் கெடுத்திருக்கும். அவருடைய கரகரப்போ, அனுபவப்பட்ட ஒருவர் நேரில் பேசுவதுபோன்ற நம்பகத்தைத் தந்தது. 1974-இல் ஓர் ஆங்கிலப் பாடல் பிரிட்டனில் நான்கு வாரங்கள் முதலிடத்தில் நின்றபோதும் குரல் அதேதான். 2018 அக்டோபரில், 94 வயதில் மறைவதற்குச் சில நாள்களுக்கு முன்புகூட ஜப்பானில் பாடிவிட்டு வந்திருந்தார்.

அவருக்கு வாய்த்தது உங்களுக்கும் வாய்க்கும் என்று நான் உறுதி சொல்லமாட்டேன். குரலும் உழைப்பும் ஒத்திருந்தும் பெயர் தெரியாமலே போனவர்கள் பாரிஸிலும் ஏராளம். பாடுவதை மட்டும் நிறுத்த வேண்டாம். இதுவரை எழுதியவற்றை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் நல்ல குரல்வளமுள்ள ஒருவரைப் பாடச் செய்து கேளுங்கள். மெருகு கூடுகிறவற்றை அவர்களுக்கே கொடுத்து, பெயரும் உரிமைத்தொகையும் உங்களுக்கு வரும்படி எழுத்தில் ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். அழகாக ஒலித்தும் பொய்யாகத் தோன்றும் பாட்டுகள் சில மிஞ்சும். அவற்றை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள், நீங்களே பாடுங்கள்.