டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) என்ற மேசைக் கதை விளையாட்டின் சண்டையில், விதிப் புத்தகத்தில் இல்லாத ஒன்றை ஒருவர் செய்யப் போனால், ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டர் உடனே எப்படித் தீர்ப்புச் சொல்வது?

எனக்கு இருப்பது ஒரே ஒரு சோதனைதான். அவர் கேட்கும் வித்தை, தன் முறை வரும்போது சும்மா வாளால் வெட்டுவதை விடக் கொஞ்சம் இலாபமாக இருக்க வேண்டும். தவறினால் கொஞ்சம் நோகவும் வேண்டும். அந்த இலாபம் எவ்வளவு, நோவு எவ்வளவு என்பதை டைஸ் உருள முன்னரே வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும்.

நாங்கள் கொக்குவிலில் ஒரு வீட்டு விறாந்தையில் 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பை விளையாடுகிறோம். கதைக்கு இடம் தேடி நான் தூரம் போவதில்லை. நகரம் என்றால் யாழ்ப்பாணக் கோட்டையின் ஐங்கோண மதிலும் அகழியும். ஊர் என்றால் கிடுகு வேலி, பனை வடலி, துலாக் கிணறு. சோம்பல் என்று நினைக்க வேண்டாம். துலா எப்படி ஆடும் என்று மேசையில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும், அதனால் அதை வைத்து என்ன செய்யலாம் என்ற யோசனையும் தானாக வரும். ஐரோப்பியக் கோட்டை வாசல் ஒன்றை நான் பத்து நிமிடம் வர்ணித்தாலும், அதன் சங்கிலியைப் பிடித்து இழுக்க ஒருவருக்கும் தோன்றாது.

அப்படி வந்த ஒன்றைச் சொல்கிறேன். ஓகர் என்ற இராட்சதன் ஒருவன் வளவுக்குள் புகுந்து, துலாவின் பின்முனைப் பக்கம் குனிந்து நிற்கிறான். மச்சான் முறையான பெடியன் ஒருவன் கேட்டான்:

“அண்ணை, நான் கிணத்துக் கட்டில ஏறி துலான்ர முன்முனையில பாயுறன். பின்முனை எழும்பி அவன்ர நாடியில அடிக்கோணும்.”

“சரி, ஏலும். அத்லெட்டிக்ஸ், 15 வேணும். பட்டால் ரெண்டு டி10, ஆளும் விழுவான். படாட்டி நீ கிணத்துக்க. 20 அடி, ரெண்டு டி6. ஏறி வர அடுத்த முறையும் போகும். பாயுறியோ?”

இவ்வளவுதான் தீர்ப்பு. (டி10 என்றால் பத்துப் பக்க டைஸ், டி6 என்றால் ஆறு பக்கம். “15 வேணும்” என்றால், இருபது பக்க டைஸில் விழும் எண்ணோடு பாத்திரத்தின் திறமை எண்ணையும் கூட்டி 15 வர வேண்டும். அத்லெட்டிக்ஸ் என்பது ஏற, பாயும் திறமை.) இதில் எதையும் நான் ஆகாயத்திலிருந்து பிடுங்கவில்லை. நடுத்தரக் கடினம் என்றால் 15 என்பது புத்தகத்தின் அளவுகோல். 10 இலகு, 20 கடினம். விழுந்தால் ஒவ்வொரு 10 அடிக்கும் ஒரு டி6 என்பதும் அதில் உள்ளதே. எதிர்பாராத சேதங்களுக்குக் கேம் மாஸ்டர் புத்தகத்தில் ஒரு சின்ன அட்டவணை உண்டு: புத்தக அலுமாரி மேலே விழுந்தால் ஒரு டி10, தடுக்கி நெருப்புக் குழியில் விழுந்தால் இரண்டு, சுரங்கம் இடிந்து கல் விழுந்தால் நான்கு. துலாமரம் நாடியில் பட்டால் அலுமாரியை விடக் கூட, இடியும் சுரங்கத்தை விடக் குறைவு. ஆகவே இரண்டு. இந்த மூன்று அளவுகளும் தலையில் இருந்தால் முக்கால்வாசித் தீர்ப்புகளைப் புத்தகம் திறக்காமலே சொல்லிவிடலாம்.

இனி கணக்கு. பெடியனுக்கு வாளிலும் அத்லெட்டிக்ஸிலும் +5. ஓகரின் ஏசி, அதாவது அடி படுவதற்கு எட்ட வேண்டிய எண், 11, எனவே வாளால் வெட்டினால் 75 வீதம் படும். ஒரு டி8 கூட்டல் 3 சேதம். சராசரி பார்த்தால் ஒரு முறைக்கு 6க்குச் சற்றுக் குறைவு. துலாவில் பாய்ந்தால் 55 வீதம்தான், ஆனால் பட்டால் சராசரி 11. பெருக்கினால் 6க்குச் சற்று மேல். அதோடு ஓகர் விழுந்து கிடந்தால் பக்கத்தில் நிற்கும் நண்பர்களுக்கெல்லாம் அட்வான்டேஜ், அதாவது டைஸை இரண்டு தடவை உருட்டிக் கூடியதை எடுக்கலாம். கிணற்றுக்குள் விழும் பயத்துக்கு இந்த இலாபம் சரியான கூலி.

இப்போது பலரும் செய்வதைப் பாருங்கள். “முதலில் கிணற்றுக் கட்டில் ஏற ஒரு ரோல். பிறகு சமநிலைக்கு ஒரு ரோல். பிறகு அடிக்க ஒரு ரோல்.” கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் 55 வீதத்தை இரண்டு தடவை தாண்ட வேண்டுமென்றால் மிஞ்சுவது 30 வீதம், மூன்று தடவை என்றால் 17கூட இல்லை. சராசரிச் சேதம் 2க்கும் கீழே போய்விடும். 59 ஹிட் பாயின்ட் (உயிர்ப் புள்ளி) உள்ள ஓகருக்கு அது நுளம்புக் கடி. கேம் மாஸ்டர் வாயால் “ஓம்” சொல்லி, கணக்கால் “இல்லை” சொல்லிவிட்டார். இதைச் சில தடவை பட்டவர்கள் பிறகு வித்தையே கேட்க மாட்டார்கள். “நான் வெட்டுறன்” என்று சொல்லிவிட்டு போனைப் பார்ப்பார்கள். ஒரு செயலுக்கு ஒரு ரோல் போதும். அது மெத்தக் கடினம் என்று பட்டால் டிஸ்அட்வான்டேஜ் கொடுங்கள், இரண்டு தடவை உருட்டிக் குறைந்ததை எடுக்கட்டும். 55 வீதம் அதிலும் 30 ஆகத்தான் குறையும், ஆனால் அவருக்கு அது முன்கூட்டியே தெரிந்திருக்கும்.

மறுபக்கமும் உண்டு. மண்ணை அள்ளிக் கண்ணில் எறிவதற்கு மலிவாக விட்டுவிட்டால், அதன்பிறகு எல்லோரும் எல்லாச் சண்டையிலும் மண்தான் எறிவார்கள். இதற்கு ஹெல்ப் என்ற செயல் நல்ல தராசு. எதிரிக்குப் பக்கத்தில் நின்று ஹெல்ப் செய்தால், ரோல் எதுவும் இல்லாமலே நண்பரின் அடுத்த அடிக்கு அட்வான்டேஜ் கிடைக்கும். மண் எறிபவர் தோற்கவும் கூடும் என்பதால் அவருக்கு அதைவிடக் கூட ஏதாவது கிடைக்க வேண்டும். ஆனால் நீடிக்கக் கூடாது. நான் எதிரிக்கு ஒரு சேவிங் த்ரோ, அதாவது தப்புவதற்கான ரோல், கொடுப்பேன். தவறினால் தன் அடுத்த முறை முடியும் வரை கண் தெரியாது. பார்த்துக்கொண்டு நின்ற மற்ற எதிரிகள் அடுத்த பிடி மண்ணுக்குக் கையைக் குறுக்கே பிடிப்பார்கள், அவர்களுக்கு சேவில் அட்வான்டேஜ். அத்தோடு, நீங்கள் எறிந்தால் அவர்களும் எறிவார்கள் என்றும் சொல்லி வைப்பேன். பேராசை பாதி அடங்கிவிடும்.

“தலையைக் குறி வைத்து வெட்டுறன்” என்பதற்கு மட்டும் என் பதில் எப்போதும் இல்லைதான். எல்லோரும் எப்போதும் தலையைத்தான் பார்த்து வெட்டுகிறார்கள். அதை அடிக்கும் ரோல் ஏற்கெனவே கணக்கில் எடுத்துவிட்டது.

சண்டை நடுவே புத்தகம் புரட்டுவதைப் பற்றியும் கேட்பீர்கள். ஒரு பாத்திரம் சாகும் நிலை என்றால் திறந்து பார்ப்பேன், மற்றபடி இல்லை. ஒரு ரவுண்ட் என்பது கதையில் 6 விநாடி. அதற்காக ஐந்து நிமிடம் பக்கம் தேடினால் தேத்தண்ணியும் ஆறிவிடும், ஆட்களும் கதைக்கத் தொடங்கிவிடுவார்கள். தீர்ப்பைக் கொப்பியில் ஒரு வரியாகக் குறித்துவிட்டு, ஆட்டம் முடிந்தபின் பார்க்கலாம். புத்தகம் வேறு மாதிரிச் சொன்னால் அடுத்த தடவை முதல் எது என்று எல்லோருமாக முடிவெடுப்போம். நடந்தது நடந்ததுதான்.

இந்தத் தலையிடி டி அண்ட் டியோடு பிறந்ததும் அல்ல. பிரஷ்யப் படைக்காக ரைஸ்விட்ஸ் 1824இல் வெளியிட்ட போர் விளையாட்டில் டைஸும் அட்டவணைகளும் நிறைய. அவை ஆட்டத்தை இழுத்தடிக்கின்றன என்று, 1876இல் வெர்டி டு வெர்னுவா என்ற அதிகாரி அவற்றை ஒதுக்கிவிட்டு நடுவரின் தீர்ப்பே போதும் என்றார். கைகாக்ஸும் ஆர்னெசனும் டி அண்ட் டியை வெளியிட்டது 1974இல். நடுவர் பக்கமா அட்டவணைப் பக்கமா என்ற இழுபறி அதற்கு ஒரு நூற்றாண்டு மூத்தது. நான் நடுவர் பக்கம்தான், ஆனால் கணக்குத் தெரிந்த நடுவர்.

புதிதாக நடத்தப் போகிறவர் என்றால் விலை கொடுத்துப் புத்தகம் வாங்கும்வரை காத்திருக்க வேண்டாம். ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகள் 2023 ஜனவரி முதல் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அதில் பாத்திரங்களுக்கு நேரும் நிலைகளைச் சொல்லும் கண்டிஷன்ஸ் பகுதியை மட்டும் அச்சடித்துக் கையோடு வைத்திருங்கள். விழுந்து கிடத்தல், கண் தெரியாமை, பிடிபடுதல், இந்த மூன்றும் நாக்கு நுனியில் இருந்தால் போதும். ஒருவர் ஏதாவது கேட்டதும் அதில் எது பொருந்தும் என்று முதலில் பாருங்கள், சேதத்தை அப்புறம் யோசிக்கலாம்.