மலையகத்தில் தயிர் கேட்டால் பாணியும் சேர்ந்து வரும்

கேள்வி இதுதான்: "குடும்பமாக இலங்கை மலையகம் வருகிறோம். அங்கேயும் தமிழர்கள்தானே, தமிழ்நாட்டுச் சாப்பாடே கிடைக்கும் என்கிறார்கள். உண்மையா?"

கிடைக்கும். ஆனால் நீங்கள் மனதில் வைத்திருக்கிற சாப்பாடு அது இல்லை.

நான் அப்புத்தளைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவன், வேன் ஓட்டுகிறேன். வெள்ளைக்காரர்களை ஏற்றிக்கொண்டு போனால் சாப்பாட்டில் எனக்குத் தலைவலி இல்லை. அவர்களுக்கு எல்லாமே புதிது. உறைப்பைக் கொஞ்சம் குறைக்கச் சொன்னால் போதும். தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களோடுதான் கடைக்குக் கடை விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது. வடை, தயிர், கறி, பரோட்டா என்று பெயரெல்லாம் அவர்களுக்குத் தெரிந்தது. தட்டில் வருவது தெரியாதது.

ஒரு மதுரைக் குடும்பம். பண்டாரவளையில் மதியச் சாப்பாடு. சிவப்பரிசிச் சோறு, தேங்காய்ப்பால் விட்ட பருப்பு, போஞ்சி (உங்கள் பீன்ஸ்), பீட்ரூட், வல்லாரைச் சம்பல், அப்பளம். பெரியவர் சாம்பாரையும் ரசத்தையும் தேடி ஓய்ந்துபோய், "தம்பி, ஒரு கப் தயிராவது சொல்லுங்க" என்றார். வந்தது மண்சட்டி. உள்ளே எருமைத் தயிர், கரண்டியால் வெட்டி எடுக்கிற பதத்தில். அவர் சோற்றில் போட்டு உப்பைத் தேடுவதற்குள், பரிமாறிய பையன் உதவி செய்கிற நினைப்பில் கித்துள் பாணியை, அதாவது கித்துள் மரத்துப் பதநீரைக் காய்ச்சிய பாகை, மேலே ஊற்றிவிட்டான். இங்கே தயிர் என்றால் சாப்பாட்டுக்குப் பிறகு பாணி விட்டுச் சாப்பிடுகிற இனிப்பு, பையன் மேல் தப்பில்லை. ஐயா என் முகத்தைப் பார்த்தார். நான் வெளியே நிறுத்தியிருந்த வேனைப் பார்த்தேன். அந்தச் சட்டியைக் கடைசியில் காலி பண்ணியது அவருடைய மனைவி.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு இரண்டு விஷயம். பலகையில் 'மரக்கறி சாப்பாடு' என்று பார்த்தால் பயப்பட வேண்டாம், மரக்கறி என்றால் இங்கே காய்கறி. பயப்பட வேண்டியது சம்பலுக்கு. தேங்காய்ச் சம்பலிலும் கட்டச்சம்பலிலும் மாசிக்கருவாடு இடித்துப் போடுவது இந்த நாட்டு வழக்கம். பார்த்தால் தெரியாது. "மாசி போட்டதா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். கோயில் பக்கத்துச் சைவக் கடை என்றால் அந்தக் கவலை இல்லை; அங்கே தோசை, இட்லி, உளுந்து வடை எல்லாம் உண்டு.

அப்புறம் இந்த சோர்ட் ஈட்ஸ் தட்டு, அதாவது டீயோடு தின்கிற சிற்றுண்டித் தட்டு. கடையில் டீ சொல்லிவிட்டு உட்கார்ந்தால், கேட்காமலேயே ரோல்ஸ், பெட்டிஸ், வடை, மீன் பணிஸ் எல்லாம் அடுக்கி ஒரு தட்டை முன்னால் வைப்பார்கள். "நாங்க இதெல்லாம் கேக்கலையே" என்று பதறாதவர்கள் குறைவு. தின்றதை எண்ணித்தான் காசு. மிச்சம் எங்கே போகும் என்று கேட்கிறீர்களா? அடுத்த மேசைக்கு. அதனால் தொட்டுப் பார்த்து வைக்காதீர்கள்.

கொத்து ரொட்டியில் சால்னா ஊற்றி ஊறவைத்திருப்பார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். லீக்ஸ், கரட், கோவா (உங்கள் முட்டைக்கோஸ்) போட்டுக் கொத்தி, உதிரியாக வரும். எனக்கு இதுதான் பிடிக்கும், சண்டைக்கு வராதீர்கள்.

பெரிய ஏமாற்றம் தேநீரில்தான். கண்ணுக்கு எட்டிய தூரம் தேயிலை. கடையில் கிடைப்பது பால்மா, அதாவது பால் பவுடர், கரைத்த டீ. அம்பேவெலயில் பெரிய பால் பண்ணையே இருந்தும் டீக்கடைகளில் மாதான். 2022 பொருளாதார நெருக்கடியில் அந்த மாவுக்கும் தட்டுப்பாடு வந்து பல கடைகளில் பால் டீயே நின்றுபோனது. நல்ல தேயிலை கொழும்பு ஏலத்துக்குப் போய்க் கப்பல் ஏறும். கடைக்காரருக்குச் சீக்கிரம் சாயம் இறங்குகிற டஸ்ட் போதும். நீங்கள் இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டீ கேளுங்கள். எங்கள் வீட்டில் அதைச் சாயத்தண்ணி என்போம். பால் இல்லையே என்று அரை மணி நேரம் வருத்தப்படுவீர்கள், அந்தக் குளிருக்கு அப்புறம் மறந்துவிடும்.

சரி, மலையகத்துச் சாப்பாடு என்று எதைச் சொல்வது? ரொட்டி. ஹோட்டல் பஃபேயில் அது இருக்காது. கோதுமை மாவில் தேங்காய்ப்பூவும் உப்பும் போட்டுப் பிசைந்து, உள்ளங்கையால் தட்டி, கல்லில் போட்டு எடுப்பது. அம்மா தட்டினால் ஒரு விரல் கனம் இருக்கும், ஓரம் கருகியிருக்கும். செத்தல் மிளகாய், சின்ன வெங்காயம், உப்பு வைத்து அம்மியில் அரைத்த சம்பல். இலங்கையில் கோதுமை விளைவதில்லை, எல்லாம் கப்பலில் வருவது. ஆனாலும் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், அடுப்பு மூட்டினால் முதலில் வேகிறது ரொட்டிதான். விடியலில் இரண்டு தின்றுவிட்டு, இரண்டைக் கட்டிக்கொண்டு கொழுந்து பறிக்கப் போகலாம்; மலையில் ஆறிப்போனாலும் பசி தாங்கும். 1973, 74 பஞ்சத்தில் தோட்டங்களில் பட்டினிச் சாவே விழுந்தது. அந்த நாட்களைப் பார்த்த அப்பாயி, மாவு வாளியை யாரும் திறந்து வைத்துவிட்டுப் போனால் சாகும்வரை திட்டுவார்.

கோயம்புத்தூர் அக்கா ஒருத்தர் எங்கள் வீட்டில் இதைச் சாப்பிட்டுவிட்டு, "இது சப்பாத்தியும் இல்ல, அடையும் இல்ல" என்றார். அம்மா, "ரொட்டிம்மா" என்றதோடு சரி, இன்னொன்றைத் தட்டில் வைத்தார்.

வீட்டு ரொட்டிக்கு ஆள் பழக்கம் இல்லையென்றால், லிப்டன் சீட் என்கிற மலையுச்சிக் காட்சி இடத்துக்குப் போங்கள். தம்பேத்தன்ன தொழிற்சாலையிலிருந்து ஏறத்தாழ 7 கிலோமீட்டர், தேயிலைக்கு நடுவே ஏறும் பாதை. உச்சியில் ஒரு சின்னக் கடையில் சுடச்சுட ரொட்டியும் டீயும் கிடைக்கும். காலை ஒன்பது மணிக்கு முன்னால் மேலே இருக்கப் பாருங்கள். அதற்குப் பிறகு பனி மூடிவிட்டால் ரொட்டி மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும்.