சபை நீக்கிய முன்னோர்: குவேக்கர் வம்சாவளியில் ஒரு சந்தேகம்

கேள்வி: என் மகள் அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்துப் பையனைத் திருமணம் செய்திருக்கிறாள். மாப்பிள்ளை வீட்டார் பழைய குவேக்கர் குடும்பம், கிறிஸ்தவத்தில் ஒரு தனிச் சபையாம். பேரனுக்காக வம்சாவளி எழுதி வைக்கலாமென்று இணையத்தில் தேடினேன். மாப்பிள்ளையின் முன்னோர் ஒருவர் பெயருக்கு எதிரே "வைட்வாட்டர், 1817, 6ஆம் மாதம் 28, டிஸ் எம்.ஓ.யு." என்று இருக்கிறது. 'டிஸ்' என்றால் சபையை விட்டு நீக்கப்பட்டவராம். ஏதாவது அசிங்கமான விவகாரமா? சம்பந்தியம்மாவிடம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. வம்சாவளி தேடித் தரும் ஏஜென்ட் ஒருவர், "நீக்கப்பட்டவருக்கு ஆவணமே இருக்காது, தனியாகத் தேட 900 டாலர் ஆகும். பென்சில்வேனியாவை நிறுவிய வில்லியம் பென்னின் கப்பலில் வந்த குடும்பம் என்று சான்றிதழும் தருகிறேன்" என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அவர் சொன்னது தலைகீழ். குவேக்கர் சபையில் அமைதியாக இருந்து செத்துப்போனவருக்குத்தான் காகிதம் குறைவு. நீக்கப்பட்டவரைப் பற்றி மாதக்கணக்கில் எழுதி வைத்திருப்பார்கள்.

முதலில் உங்கள் கவலைக்கு வருகிறேன். 'எம்.ஓ.யு.' என்பது சபையின் ஒப்புதலுக்கு வெளியே திருமணம் செய்தவர் என்பதற்கான சுருக்கம். அவ்வளவுதான் குற்றம். அந்தக் காலத்துக் குவேக்கர் திருமணத்தில் பாதிரியார் கிடையாது. மாப்பிள்ளையும் பெண்ணும் மாதக் கூட்டத்தில் (ஊர்ச் சபையின் மாதாந்திர நிர்வாகக் கூட்டம், அந்தச் சபைக்கும் அதே பெயர்தான்) எழுந்து எண்ணத்தைச் சொல்ல வேண்டும். இருவருக்கும் வேறு பந்தம் எதுவும் இல்லையா என்று ஆள் போட்டு விசாரிப்பார்கள். அடுத்த மாதம் மறுபடி வந்து நிற்க வேண்டும். அதன் பிறகுதான் கல்யாணம், வந்தவர்கள் எல்லோரும் சான்றிதழில் கையெழுத்துப் போடுவார்கள். இந்த வழியில் போகாமல் மாஜிஸ்திரேட்டிடமோ வேறு சபைப் போதகரிடமோ போய்த் திருமணம் செய்துகொண்டால் நீக்கம். பெண் வேறு சபைக்காரியாக இருக்கலாம். இருவருமே குவேக்கராக இருந்து, பொறுமையில்லாமல் நேரே மாஜிஸ்திரேட்டிடம் போயிருக்கவும் வாய்ப்புண்டு. அந்த ஒரு வரியை வைத்து எது என்று சொல்ல முடியாது.

நீக்கம் என்றதும் நம் ஊரில் தண்ணீர் புழங்காமல், கல்யாணம் காட்சிக்குக் கூப்பிடாமல் தள்ளி வைப்பார்களே, அதை நினைத்துக்கொள்ள வேண்டாம். நீக்கப்பட்டவர் ஞாயிறு வழிபாட்டில் போய் உட்காரலாம். சபையின் நிர்வாகக் கூட்டத்தில் மட்டும் இடமில்லை. கென்டக்கி காட்டுக்கு வழி திறந்தவர் என்று அமெரிக்கப் பாடப்புத்தகங்கள் கொண்டாடும் டேனியல் பூனின் வீட்டிலேயே இது நடந்தது. பென்சில்வேனியாவில் அவர் அக்கா சாரா 1742இல் சபைக்கு வெளியே மணந்தபோது, பெற்றோர் கூட்டத்தில் வருத்தம் தெரிவிக்க வேண்டியிருந்தது. 1747இல் அண்ணன் இஸ்ரேலும் அப்படியே செய்தார். இந்த முறை அப்பா ஸ்கொயர் பூன் வருத்தம் சொல்ல மறுத்து மகன் பக்கம் நின்றார். 1748இல் அவரையும் நீக்கினார்கள். ஆனால் அவர் மனைவி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கூட்டத்துக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார். ஆகவே, ஆண் நீக்கப்பட்டால் மனைவி பெயரில் தேடுங்கள். ஏஜென்டுகள் இதை மட்டும் சொல்லவே மாட்டார்கள்.

இப்போது அந்தத் தேதி. 1817, 6ஆம் மாதம் 28 என்பது கல்யாணத் தேதி இல்லை. நீக்கம் முடிவான மாதக் கூட்டத்தின் தேதி. இணையத்தில் வம்சாவளி மரம் போடுகிறவர்களில் பாதிப் பேர் இதையே திருமண நாளாகப் போட்டு, ஒருவரைப் பார்த்து ஒருவர் நகலெடுத்து வைத்திருக்கிறார்கள். கல்யாணம் அதற்குச் சில மாதம் முன்பே நடந்திருக்கும். புகார் வந்து, இரண்டு பேரை வீட்டுக்கு அனுப்பிப் பேசி, அவர்கள் அறிக்கை கொடுத்து, பிறகு தீர்மானம் என்று இழுக்கும். நீங்கள் பார்த்த வரி அதன் கடைசி முடிவு மட்டுமே. அச்சில் வந்த சுருக்கத் தொகுப்பை விட்டுவிட்டு, மூலக் குறிப்பேட்டின் படத்தை எடுத்து, நாலைந்து மாதம் பின்னால் புரட்டுங்கள். பெண்களின் கூட்டத்துக்குத் தனிக் குறிப்பேடு உண்டு. அவர் மனைவி குவேக்கராக இருந்தால் அதிலும் வரி இருக்கும்.

சபையில் நடக்காத கல்யாணம் என்பதால் அரசாங்கப் பதிவில் தேடலாம். வைட்வாட்டர் என்பது ரிச்மண்ட் நகரத்து மாதக் கூட்டம், 1809இல் ஏற்பட்டது. ஊர் வேய்ன் கவுண்டியில் (நம் மாவட்டம் மாதிரி) இருக்கிறது. அந்தக் கவுண்டியின் திருமணப் பதிவேட்டில் 1816, 1817 இரண்டையும் பாருங்கள். பெண்ணின் பிறந்த வீட்டுப் பெயர் அங்கேதான் கிடைக்கும். ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளித் தளத்தில் கணக்குத் தொடங்கக் காசு வேண்டாம். ஆனால் அங்கே பயனர்கள் கட்டி வைத்திருக்கும் பொது மரத்தையும் பதிவேட்டுப் படத்தையும் ஒன்றாக நினைத்துவிடாதீர்கள்.

அவருக்கு முன்னே போக வேண்டுமானால், பெற்றோர் எந்தச் சான்றோடு இண்டியானாவுக்கு வந்தார்கள் என்று பார்க்க வேண்டும். ஒரு குவேக்கர் குடும்பம் ஊர் மாறினால் பழைய மாதக் கூட்டம் நன்னடத்தைச் சான்று கொடுக்கும், புது ஊர்க் கூட்டம் அதைப் பதிந்துகொள்ளும். தொகுப்பில் 'ஜி.சி.டி.' என்று இருந்தால் சான்று கொடுத்து அனுப்பினார்கள், 'ஆர்.ஓ.சி.எஃப்.' என்று இருந்தால் சான்றோடு வந்தவரைச் சேர்த்தார்கள். அப்பாவுக்கு எதிரே மகன்களின் பெயரும், அம்மாவுக்கு எதிரே மகள்களின் பெயரும் வரிசையாக இருக்கும். ஒரு தலைமுறை மொத்தமும் இரண்டே வரியில் கிடைத்துவிடும். 1850க்கு முந்தைய மக்கள்தொகைக் கணக்கில் குடும்பத் தலைவர் பெயர் மட்டும்தான் உண்டு என்பதை நினைத்தால் இதன் அருமை புரியும்.

வேய்ன் கவுண்டிக்கு வந்தவர்களில் நிறையப் பேர் நார்த் கரோலைனாவின் கில்ஃபோர்ட் பக்கத்துக்காரர்கள். அடிமை முறை இருக்கும் மண்ணில் பிள்ளைகளை வளர்க்க மனமில்லாமல், 1787 சட்டம் அடிமை முறையைத் தடை செய்திருந்த ஓஹையோ ஆற்றின் வடகரைக்கு வந்தார்கள். உங்கள் குடும்பமும் அப்படியானால் அடுத்து நியூ கார்டன் அல்லது கேன் க்ரீக் மாதக் கூட்டத்தில் தேடுங்கள். அதற்கும் முன்னால் பென்சில்வேனியாவோ நான்டக்கெட் தீவோ இருக்கலாம். நார்த் கரோலைனாப் பதிவுகளை வில்லியம் வேட் ஹின்ஷா தொகுத்து 1936இல் அச்சிட்டார். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஆப்பராவில் பாடிக்கொண்டிருந்த மனிதர்! சந்தா கட்டும் தளங்களில் இந்தப் பதிவேடுகள் படமாகவே இருக்கின்றன. சபை எழுத்தர்கள் சம்பளமில்லாமல் எழுதி வைத்ததைக் காசு கட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது, என்ன செய்வது. அமெரிக்கப் பொது நூலகங்கள் பலவற்றில் உள்ளே உட்கார்ந்து இலவசமாகப் பார்க்கலாம். உங்கள் மகளை அனுப்புங்கள்.

இப்போதைக்கு உங்களுக்குத் தேவையில்லை, ஆனால் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. 1752க்கு முன்னால் போனீர்களென்றால் மாத எண்களை நம்பாதீர்கள். குவேக்கர்கள் மாதப் பெயரை எழுத மாட்டார்கள், எண்தான். அன்றைய ஆங்கிலேய ஆண்டு மார்ச் 25இல் தொடங்கியது, முதல் மாதம் மார்ச். எனவே ஏழாம் மாதம் செப்டம்பர், எட்டாம் மாதம் அக்டோபர், பதினொன்றாம் மாதம் ஜனவரி. டேனியல் பூன் பிறந்தது 1734, எட்டாம் மாதம் 22. ஆகஸ்ட் என்று படித்தால் தப்பு, அது அக்டோபர். இன்றைய காலண்டருக்கு மாற்ற 11 நாள் கூட்டினால் நவம்பர் 2. ஜனவரி, பிப்ரவரி, மார்ச் 24 வரை உள்ள தேதிகளில் ஆண்டும் இடிக்கும். 1731/32 என்று இரண்டாக எழுதியிருந்தால் எழுத்துப் பிழை இல்லை, அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். தளங்களின் அட்டவணையில் ஏழாம் மாதத்தை ஜூலை என்று தட்டி வைத்திருக்கிறார்கள். திருத்தச் சொல்லி எழுதினால், நன்றி என்று ஒரு தானியங்கிப் பதில் வரும், ஜூலை அப்படியே இருக்கும். அதனால் படத்தைப் பார்க்காமல் தேதியை எழுதாதீர்கள். கல்யாணத்துக்கு முன்பே குழந்தை பிறந்தது என்றெல்லாம் வந்து நிற்கும் மரங்கள் பலவும் இந்தக் குழப்பத்தில் விளைந்தவைதான்.

ஏஜென்ட் தருவதாகச் சொன்ன அந்தச் சான்றிதழ் கதைக்கு வருகிறேன். பென் 1682இல் 'வெல்கம்' என்ற கப்பலில் வந்தார். நூறு பேர் அளவில் ஏறினார்கள், வழியில் அம்மை போட்டு முப்பது பேர் இறந்தார்கள். பயணிகள் பட்டியல் மிஞ்சவில்லை. இன்று இருப்பவை பிற்காலத்தவர் உயில், நிலப் பத்திரம் முதலியவற்றை வைத்துக் கோத்த பட்டியல்கள். அந்த ஓராண்டில் இருபதுக்கும் மேற்பட்ட கப்பல்கள் வந்தன. ஆனால் ஏஜென்டுகளின் வாடிக்கையாளர்கள் எல்லோரும் எப்படியோ வெல்கமில்தான் ஏறியிருக்கிறார்கள். அடுத்து உங்களிடம் 'குடும்பச் சின்னம்' விற்க வருவார், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கேடயச் சின்னங்கள் தனி மனிதருக்கு வழங்கப்பட்டவை. ஒரு குடும்பப் பெயருக்கென்று பொதுச் சின்னம் கிடையாது. அதிலும், பிரபுவின் முன்னால் தொப்பியைக் கழற்ற மறுத்துச் சிறைக்குப் போன ஜனங்களின் பேரனுக்குக் கேடயமும் சிங்கமும்!

'கல்லறைப் படம் எடுத்துத் தருகிறேன்' என்றாலும் வேண்டாம் என்றுவிடுங்கள். பழைய குவேக்கர்கள் சமாதிக் கல்லையே வீண் பெருமை என்று ஒதுக்கியவர்கள். அழகாகச் செதுக்கிய 18ஆம் நூற்றாண்டுக் கல்லைக் காட்டினால், அது வேறு யாருடையதாகவோ, பின்னால் நட்டதாகவோ இருக்கும்.

இன்னொரு விஷயம், 1828இல் இண்டியானா குவேக்கர்கள் இரண்டாகப் பிளந்தார்கள். அதற்குப் பிந்தைய தேடலில் ஒரே பெயரில் இரண்டு கூட்டங்களைப் பார்த்தால் இரண்டையும் புரட்டுங்கள். ஃபிலடெல்ஃபியாவிலும் இதே பிளவு. அங்கே 1955இல் ஒன்றாகிவிட்டார்கள், ஆவணங்கள் மட்டும் இன்றுவரை ஸ்வார்த்மோர், ஹாவர்ஃபோர்ட் என்று இரண்டு கல்லூரிகளில் உட்கார்ந்திருக்கின்றன. தேடுகிறவர் இரண்டு இடத்துக்கும் எழுத வேண்டும். உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை, ரிச்மண்டிலேயே இருக்கும் எர்ல்ஹாம் கல்லூரி ஆவணக் காப்பகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போதும். பெயர், வைட்வாட்டர், 1817, 6ஆம் மாதம் 28, ஆண்கள் கூட்டக் குறிப்பேடு என்று மட்டும் எழுதி, முந்தைய ஆறு மாதப் பக்கங்களும் வேண்டுமென்று கேளுங்கள். குடும்பக் கதை எழுதாதீர்கள். கதை எழுதினால் பதில் தாமதமாகும்.

சம்பந்தியம்மாவிடம் தாராளமாகக் கேளுங்கள். குவேக்கர் வம்சத்தில் 'டிஸ்' இல்லாத குடும்பத்தைப் பார்ப்பது அபூர்வம், அவரே சிரிக்கக்கூடும். வீட்டில் பழைய பைபிள் இருந்தால், இரண்டு ஏற்பாடுகளுக்கும் நடுவில் பிறப்பு, இறப்பு எழுதிய பக்கங்களைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். முகப்புப் பக்கத்தையும் விடாமல் எடுக்கச் சொல்லுங்கள். 1840இல் அச்சான பைபிளில் 1790ஆம் ஆண்டுப் பிறப்பு இருந்தால், அது நினைவிலிருந்து பிற்பாடு எழுதியது, மாதக் கூட்டப் பதிவோடு ஒப்பிட்ட பிறகுதான் மரத்தில் ஏற்ற வேண்டும்.